கந்தோர்: நம் ஊர்ச் சொல் ஒன்றின் பொருளும் பிறப்பும்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டுக் கூட்டத்தில் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, பெரிய தலைப்பு ஒன்றைத்தான் எதிர்பார்த்திருப்பார். பெண் கல்வியின் வளர்ச்சி, பாடசாலையின் சாதனைகள் என்றெல்லாம் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே இருக்கிறார்கள். நான் தமிழ் படிப்பித்தவள். ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டேன். அந்தச் சொல் "கந்தோர்".

ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அதன் பொருளைச் சொல்லத் தேவையில்லை. சொல்லைக் கேட்டதும் சிரிக்கிறீர்கள், அதிலிருந்தே தெரிகிறது. ஆனால் முன்வரிசைப் பிள்ளைகள் சிலர் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். கந்தோர் என்றால் அலுவலகம்.

நாங்கள் வளர்ந்த காலத்தில் இந்த ஊரில் அலுவலகம் என்ற சொல் பாடப்புத்தகத்திலும் அரசாங்கக் கடிதத்திலும்தான் இருந்தது. வாயில் இருந்தது கந்தோர். முத்திரை வாங்கப் போவது தபாற் கந்தோருக்கு. உறுதி எழுதிப் பதியப் போவது காணிக் கந்தோருக்கு. ஆசிரியர் இடமாற்றத்துக்கு அலைவது கல்விக் கந்தோருக்கு. கிராமத்தவர்கள் விடிய எழும்பி பஸ் ஏறி வருவது டி.ஆர்.ஓ. கந்தோருக்கு. பின்னேரமானால் வாசலில் நின்று "அப்பா கந்தோரால வந்திட்டாரோ?" என்று கேட்போம். கந்தோருக்குப் போகிறவர் என்றால் மாதச் சம்பளக்காரர். பெண் கேட்டு வரும்போது அந்த ஒரு சொல்லே பாதிப் பேச்சை முடித்துவிடும்.

இதே சொல்லைச் சென்னையில் சொல்லிப் பாருங்கள். விளங்காது. அவர்களுக்கு அது ஆபீஸ். அதைவிட வேடிக்கை, "காலையில் கச்சேரிக்குப் போனேன், சனம் நிறைய, நாலு மணித்தியாலம் நின்று கால் நொந்துவிட்டது" என்று நாம் சொன்னால் அவர்கள் எந்தப் பாடகரின் கச்சேரி என்று கேட்பார்கள். மாவட்டச் செயலகத்தை நாம் இன்னும் கச்சேரி என்கிறோம். அது இந்துஸ்தானியிலிருந்து வந்த சொல். இந்தியாவில் நிர்வாகம் நடத்திய ஆங்கிலேயர் அங்கிருந்து இங்கே கொண்டுவந்தார்கள். தமிழ்நாட்டில் அந்தச் சொல் பாட்டு மேடைக்குப் போய்விட்டது. நம் நாட்டில் அது அரசாங்க அதிபரின் மேசையிலேயே இருக்கிறது.

கச்சேரிக்கு இந்தியத் தொடர்பு உண்டு. கந்தோர் எங்கிருந்து வந்தது?

சொல்லின் பிறப்பைத் தேடும்போது முதலில் ஓர் எச்சரிக்கை. காதுக்கு இனிமையாகப் பொருந்துகிற விளக்கத்தை நம்பிவிடக் கூடாது. கந்து என்றால் தமிழில் தூண். தூண்கள் நிறைந்த பெரிய கட்டடம் என்பதால் கந்தோர் ஆயிற்று என்று யாராவது சொல்லலாம். கேட்க அழகாக இருக்கும். ஆனால் அந்தக் கந்துக்கும் நம் கந்தோருக்கும் ஒட்டு உறவு இல்லை. ஒரு சொல் தமிழில் பிறந்ததா, வந்து சேர்ந்ததா என்று பார்க்கச் சில சோதனைகள் உண்டு. பழைய இலக்கியத்தில் அது இந்தப் பொருளில் வருகிறதா? தமிழ் பேசும் எல்லா இடத்திலும் இருக்கிறதா, சில இடத்தில் மட்டுமா? சில இடத்தில் மட்டும் என்றால், அந்த இடங்களை யார் ஆண்டார்கள்? அவர்கள் போன வேறு நாடுகளிலும் அதன் உறவுச் சொல் கிடக்கிறதா? ஒலி மாறிய விதத்துக்குக் காரணம் சொல்ல முடிகிறதா?

கந்தோரை இந்தச் சோதனைகளில் நிறுத்திப் பாருங்கள். அலுவலகம் என்ற பொருளில் அது சங்க இலக்கியத்திலும் இல்லை, தேவாரத்திலும் இல்லை. தமிழ்நாட்டுப் பொதுப் பேச்சிலும் இல்லை. இலங்கைத் தமிழில் இருக்கிறது. சிங்களத்திலும் இருக்கிறது. அவர்கள் "கன்தோருவ" என்கிறார்கள். கடல் தாண்டி இந்தோனேசியாவுக்குப் போனால் அலுவலகத்துக்கு அவர்கள் சொல்லும் சொல் "கந்தோர்", அதே சொல். அங்கே தபாற் கந்தோர் "கந்தோர் போஸ்". இலங்கையின் கரையோரத்தையும் இந்தோனேசியத் தீவுகளையும் ஆண்ட கம்பனி எது? 1602இல் தொடங்கப்பட்ட ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனி. ஒல்லாந்தரின் டச்சு மொழியில் அலுவலகம் "கந்தோர்". இன்றும் அம்ஸ்டர்டாமில் வேலைக்குப் போகிறவர்கள் அங்கேதான் போகிறார்கள். நெதர்லாந்தில் குடியேறிய நம் பழைய மாணவியர் இதற்குச் சாட்சி சொல்வார்கள்.

ஒலியையும் பாருங்கள். டச்சுக்காரர் அதில் தகரத்தை அழுத்தி உச்சரிப்பார்கள். சிங்களம் அந்த வல்லோசையை அப்படியே வைத்திருக்கிறது. தமிழில் மெல்லினத்துக்குப் பின்னால் வருகிற வல்லினம் தானாக மென்மையாகும். பந்து, சந்தை, கந்தல் என்று நாம் சொல்வதைப் போலவே இதையும் சொன்னோம். நெடில் ஓகாரமும் ரகர மெய்யும் அப்படியே நின்றன. சிங்களம் தன் வழக்கப்படி கடைசியில் ஒரு "வ" சேர்த்துக்கொண்டது. தமிழுக்கு அதுவும் தேவைப்படவில்லை. அயலாரின் சொல் இவ்வளவு குறைந்த சேதத்தோடு நம்மிடம் வந்து சேர்வது அபூர்வம்.

ஆனால் இது டச்சு மொழியிலும் வந்தேறு சொல்தான். ஒல்லாந்தர் இதைப் பிரெஞ்சு மொழியில் இருந்து எடுத்தார்கள். பிரெஞ்சில் "கொந்துவார்". காசை எண்ணிக் கணக்குப் பார்க்கும் மேசை அது. பின்னர் வெளிநாட்டில் வைத்த வணிக நிலையத்துக்கும் அதே பெயர் வந்தது. புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம், சந்திரநாகூர் ஆகிய தங்கள் ஐந்து இடங்களையும் பிரெஞ்சுக்காரர் அப்படித்தான் அழைத்தார்கள். ஜெர்மன் வணிகர்கள் தங்கள் நிலையங்களை "கொன்தோர்" என்றார்கள். ருசியரிடம் போய் அது "கொந்தோரா" ஆயிற்று. இவற்றுக்கெல்லாம் வேர் லத்தீனில் கணக்கிடுதல் என்று பொருள்படும் "கொம்புதாரே". அதன் உள்ளே இருக்கும் "புதாரே" என்ற வினைக்கு மரத்தின் கிளையை வெட்டிச் சீராக்குதல் என்பதும் பொருள், கணக்குப் பார்த்தல் என்பதும் பொருள். தமிழிலும் கிளையைக் கழிக்கிறோம், பத்திலிருந்து மூன்றைக் கழிக்கிறோம். இரண்டு மொழிகளும் தொடர்பில்லாமல் ஒரே விதமாக யோசித்திருக்கின்றன.

ஆங்கிலத்தில் கணக்கு என்று பொருள்படும் "அக்கவுண்ட்" இந்தக் குடும்பத்துப் பிள்ளை. கடையில் காசு வாங்கும் "கவுண்டர்" அதன் சகோதரம். "கம்பியூட்டர்" கடைசிப் பிள்ளை. ஆகவே, நாளைக்கு நீங்கள் தபாற் கந்தோருக்குப் போய், கவுண்டரில் நின்று, கம்பியூட்டர் வேலை செய்யவில்லை என்ற பதிலைக் கேட்டுத் திரும்பி வந்தால், ஒரே சொல்லை மூன்று காலத்து உடுப்பில் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று உங்களைத் தேற்றிக்கொள்ளலாம்.

இனி நம் ஊருக்கு வருவோம்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பலர் ஆசைப்பட்டார்கள். 1620களில் போர்த்துக்கேயர் சுவாமிமலையில் இருந்த கோணேசர் ஆலயத்தை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டு கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர், கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனோடு கூட்டுச் சேர்ந்து அதைப் பிடித்தார்கள். இடையில் விட்டுப்போய் மறுபடி வந்தார்கள். 1782இல் ஒரே ஆண்டில் சனவரியில் ஆங்கிலேயரும் ஓகஸ்டில் சுப்ரென் தலைமையில் பிரெஞ்சுக்காரரும் கோட்டையைக் கைப்பற்றினார்கள். பிறகு அது ஒல்லாந்தரிடம் திரும்பியது. 1795இல் ஆங்கிலேயர் வந்து நிலையாகத் தங்கினார்கள். கோட்டைக்கு பிரெடரிக் என்று பெயர் வைத்தது அவர்கள்தான். ஒஸ்டன்பேர்க், டச்சுக்குடா என்ற பெயர்கள் ஒல்லாந்தரை நினைவூட்டிக்கொண்டு இன்றும் இருக்கின்றன.

வந்தவர்கள் ஒவ்வொருவரும் நம் வாயில் எதை வைத்துவிட்டுப் போனார்கள் என்று பார்ப்பது சுவையானது. போர்த்துக்கேயர் தந்த சொற்களைச் சேர்த்துப் பாருங்கள். கதிரை, மேசை, வாங்கு, அலுமாரி, யன்னல், விறாந்தை, குசினி, துவாய், சப்பாத்து, சாவி, பாண். ஒரு வீட்டுக்குத் தேவையான தளபாடம் முழுவதும் இருக்கிறது. அவர்கள் இங்கே குடும்பமாக வாழ்ந்தார்கள், மணம் முடித்தார்கள். அந்த மொழியிலிருந்து வந்த பேச்சு ஒன்று மட்டக்களப்பிலும் நம் திருகோணமலையிலும் பறங்கியர் குடும்பங்களில் இன்னும் வழங்குகிறது. நம் வகுப்புகளிலும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் நம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்தார்கள்.

ஒல்லாந்தர் தந்தவை வேறு விதம். கந்தோர் அவர்களுடையது. உறுதி எழுதும் நொத்தாரிசு அவர்களுடையது. அந்தக் காலத்துச் செப்புக் காசின் பெயரான துட்டு அவர்களுடையது. எண்ணுவது, எழுதுவது, பதிவது. கக்கூசும் அவர்களுடையதுதான், அதைச் சபையில் நான் விரித்துரைக்கத் தேவையில்லை. போர்த்துக்கேயர் தொடக்கிய காணிப் பதிவான தோம்பை, ஆட்களையும் காணிகளையும் மரங்களையும் எண்ணி எழுதும் பெரும் ஏடாக ஒல்லாந்தர் வளர்த்தார்கள். நம் ஊரில் தலைமை வகித்த வான் சென்டன் 1786இல் கொட்டியாரம், தம்பலகாமம், கட்டுக்குளம் என்று பற்றுப் பற்றாகப் போய்ப் பார்த்ததை நாட்குறிப்பாக எழுதி வைத்தார். அந்தக் கம்பனி எழுதிக் குவித்த ஆவணங்களை 2003இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அவற்றுள் ஒரு பங்கு கொழும்பில், நம் தேசிய சுவடிக் கூடத்தில் இருக்கிறது. எண்ணி எழுதுவதையே தொழிலாகக் கொண்டவர்கள், எண்ணும் இடத்துக்கான சொல்லை நம்மிடம் விட்டுப் போனதில் ஆச்சரியம் இல்லை.

பிறகு ஆங்கிலேயர் தங்கள் "ஆபீஸ்" என்ற சொல்லோடு வந்தார்கள். தமிழ்நாட்டில் அது உட்கார்ந்த கதிரையில் இங்கே ஏற்கனவே கந்தோர் உட்கார்ந்திருந்தது. ஒல்லாந்தர் போய்விட்டார்கள், அவர்களின் கந்தோர் எழும்பிப் போகவில்லை. ஆங்கிலேயக் கடற்படையின் டொக்யாட்டில் வேலை செய்த நம் பாட்டன்மார் மேசையில் ஆங்கிலத்தில் எழுதினார்கள். வீட்டுக்கு வந்ததும் தாங்கள் கந்தோரால் வந்ததாகச் சொன்னார்கள். 1957இல் ஆங்கிலேயரும் துறைமுகத்தை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். கந்தோர் அப்போதும் போகவில்லை.

இங்கே ஒரு கேள்வி எழலாம். கோயிலை இடித்தவர்களும் கோட்டை கட்டியவர்களும் விட்டுப்போன சொற்களை நாம் ஏன் தூக்கிப் பிடிக்க வேண்டும்? அலுவலகம் என்று நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறதே?

நியாயமான கேள்வி. அலுவலகம் நல்ல சொல். பரீட்சையில் அதைத்தான் எழுத வேண்டும், கடிதத்திலும் அதைத்தான் எழுத வேண்டும். முன்வரிசைப் பிள்ளைகளே, விடைத்தாளில் கந்தோர் என்று எழுதிவிட்டு என் பெயரைச் சொல்லாதீர்கள். பணிமனையும் செயலகமும்கூட நல்ல சொற்கள். ஆனால் கந்தோரைக் கொச்சை என்று ஒதுக்குகிறவர்கள், அதே வாயால் ஆபீஸ் என்று சொல்லும்போது மட்டும் கூச்சப்படுவதில்லை. காரியாலயம் என்று சொன்னால் மதிப்பாகத் தோன்றுகிறது. ஆபீஸும் வந்தேறு சொல், காரியாலயமும் வந்தேறு சொல். வந்தவற்றுள் எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று சொல்லின் பிறப்பு தீர்மானிக்கவில்லை. அதைப் பேசியவர்கள் யார் என்பதை வைத்து நாம் தீர்மானித்துவிட்டோம். கந்தோர் என்பது ஆச்சியின் சொல், மீன் விற்றவரின் சொல், மூதூரிலிருந்து லோஞ்சில் வந்து இறங்கியவரின் சொல். அதனால்தான் அதைச் சொல்லச் சிலருக்கு வெட்கம்.

அந்தச் சொல்லை நம் பெண்கள் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதைப் பார்த்தால் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்று விளங்கும். ஒரு பெண்கள் பாடசாலையின் நூற்றாண்டுக்கு நான் இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் அதுதான்.

நூறு ஆண்டுக்கு முன் கந்தோர் ஆண்களின் இடம். உள்ளே துரை இருப்பார், கிளாக்கர் இருப்பார், வாசலில் பியோன் நிற்பார். பெண் அங்கே போவதென்றால் ஏதோ துன்பம் வந்துவிட்டது என்று அர்த்தம். கணவன் இறந்து காணியை மாற்ற வேண்டும், பிள்ளையின் பிறப்பைப் பதிய வேண்டும், யாரோ எழுதிக் கொடுத்த மனுவை நீட்டிவிட்டு வாசலில் நிற்க வேண்டும். மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்கு வாசிக்கத் தெரியாது. பெருவிரலில் மை பூசி ஓர் அடையாளம் வைப்பாள்.

நம் ஊரைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1892இலேயே பெண்களின் விடுதலையைப் பொருளாகக் கொண்டு "தத்தைவிடு தூது" என்ற நூலை இயற்றினார். தமிழின் முதல் வரலாற்று நாவல் எனப்படும் "மோகனாங்கி"யை 1895இல் எழுதியவரும் அவரே. 1931இல் நாட்டின் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. வாக்காளர் இடாப்பில் அவர்களின் பெயர் ஏறியது. அதற்கு முன்பே நம் பாடசாலைகளின் வரவு இடாப்புகளில் பெண் பிள்ளைகளின் பெயர்கள் ஏறத் தொடங்கியிருந்தன. இடாப்பில் பெயர் ஏறிய பிள்ளைகள் பின்னர் கந்தோருக்குப் போனார்கள், இம்முறை மனுவோடு அல்ல, நியமனக் கடிதத்தோடு. "மகள் கந்தோரில வேலை செய்யிறா" என்ற வசனம் இந்த ஊர்த் தாய்மாரின் வாயில் முதன்முதல் வந்தபோது அவர்கள் அடைந்த பெருமையை உங்களில் பலர் நேரில் கண்டிருக்கிறீர்கள். அந்த மகள்மார் இந்த மண்டபத்திலே இருக்கிறார்கள். தட்டெழுத்தாளராய்ப் போய்ப் பணிப்பாளராய் ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

இது கதையின் ஒரு பாதி. மற்றப் பாதியையும் நாம் மறக்க முடியாது.

1964 டிசம்பர்ச் சூறாவளி இந்த ஊரைப் பிய்த்துப் போட்டது. பிறகு கலவரங்கள், யுத்தம், இடப்பெயர்வுகள். 2004 டிசம்பரில் கடல் வந்தது. 2006இல் மூதூர்ப் பக்கச் சனம் மறுபடியும் பொட்டலத்தோடு நடந்தது. ஒவ்வொரு முறையும் அழுது முடிய முன்னரே பெண்கள் கந்தோருக்குப் போக வேண்டியிருந்தது. நிவாரண அட்டைக்கு, காணாமற்போன அடையாள அட்டைக்கு, எரிந்த உறுதியின் பிரதிக்கு, பிள்ளையின் பிறப்பு அத்தாட்சிக்கு, கணவனின் மரண அத்தாட்சிக்கு. மரண அத்தாட்சி வேண்டாம், ஆளைத்தான் வேண்டும் என்று சொல்லப் போனவர்களும் உண்டு. காணாமற்போனோருக்காகவே ஓர் அலுவலகத்தை அமைக்க 2016இல் சட்டம் வந்தது. அதன் பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும், அந்தத் தாய்மார் பேச்சில் அதுவும் ஒரு கந்தோர்தான். "ஏறி இறங்காத கந்தோர் இல்லை" என்று நம் பெண்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வசனத்தில் எத்தனை ஆண்டு இருக்கிறது!

இப்போது சொல்லின் வேரை மறுபடி நினைத்துப் பாருங்கள். கந்தோர் என்றால் எண்ணும் இடம். ஒல்லாந்தர் அங்கே கறுவாவையும் காசையும் எண்ணினார்கள். நம் பெண்கள் அங்கே போனது தங்கள் பிள்ளையும், தங்கள் கணவனும், தாங்களும் ஆளாக எண்ணப்பட வேண்டும் என்பதற்காக. கணக்கில் இல்லாதவருக்கு அரிசியும் இல்லை, காணியும் இல்லை, நீதியும் இல்லை. லத்தீனில் இருந்து டச்சுக்கு வந்து, கப்பல் ஏறி இங்கே வந்த அந்தச் சொல்லின் பழைய பொருளை, அகராதி பார்க்காமலே முழுதாக விளங்கிக்கொண்டவர்கள் அவர்கள். அலுவலகம் என்று சொன்னால் கட்டடம் நினைவுக்கு வருகிறது. கந்தோர் என்று சொன்னால் அந்த வாசலும், அங்கே நின்றவர்களும் நினைவுக்கு வருகிறார்கள். சொல் போனால் இந்த நினைவும் அதோடு போகும். நான் அஞ்சுவது அதற்குத்தான்.

சொல் போய்க்கொண்டுதான் இருக்கிறது. பிள்ளைகளின் முகத்தில் அதைச் சற்று முன் பார்த்தோம். அதே நேரம், ஊரை விட்டுப் போனவர்கள் தாங்கள் போன ஆண்டின் தமிழையும் பொதி கட்டிக்கொண்டு போனார்கள். லண்டனிலும் டொரொண்டோவிலும் மெல்பேர்னிலும் நம் அக்காமார் தொலைபேசியில் பேசும்போது கந்தோர், தவறணை, விறாந்தை என்று தாராளமாக வருகிறது. ஊரில் பேரப்பிள்ளை சிரிக்கிறது. ஆகவே இந்தச் சொற்கள் இப்போது எங்கும் பரந்து வாழும் உங்களிடம்தான் பத்திரமாக இருக்கின்றன. அவற்றைத் திருப்பிக் கேட்கவே நான் வந்தேன்.

இதற்கு ஒரு முன்மாதிரி சொல்கிறேன். இங்கிலாந்தின் யோக்‌ஷயரில் ஜோசப் ரைட் என்று ஒருவர். சிறு வயதிலேயே வேலைக்குப் போய், ஆலையில் உழைத்து, பதினைந்து வயதளவில்தான் எழுத்து வாசிக்கக் கற்றுக்கொண்டார். பின்னர் ஒக்ஸ்போர்டில் பேராசிரியர் ஆனார். படித்தவர்கள் கொச்சை என்று ஒதுக்கிய தன் ஊரார் பேச்சை அவர் ஒதுக்கவில்லை. நாடெங்கும் இருந்த ஆர்வலர்கள் தங்கள் ஊர்ச் சொற்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி அனுப்ப, அவற்றைத் தொகுத்து 1898 முதல் 1905 வரை ஆறு பெரும் தொகுதிகளாக ஆங்கில வட்டார வழக்கு அகராதியை வெளியிட்டார். அவருடைய மாணவியாயிருந்து மனைவியான எலிசபெத் மேரி ரைட் அந்தப் பணியில் அவரோடு உழைத்தார். 1913இல் கிராமியப் பேச்சைப் பற்றித் தாமே ஒரு நூலும் எழுதினார். ஆங்கிலேயர் தங்கள் பழைய வட்டாரச் சொல் ஒன்றின் பொருளைத் தேடும்போது இன்றும் அந்த அகராதியைத்தான் முதலில் புரட்டுகிறார்கள்.

நமக்கு ஆறு தொகுதி வேண்டாம். ஒரு நூற்றாண்டுச் சங்கத்தால் ஓர் அப்பியாசக் கொப்பியை நிரப்ப முடியும். ஒவ்வொருவரும் பத்துச் சொல் எழுதி அனுப்புங்கள். கடற்கரைச் சொல், வயற்சொல், குசினிச் சொல், கோயிற் சொல், பள்ளிவாசற் சொல், விளையாட்டுச் சொல், ஏச்சுச் சொல்லும் பரவாயில்லை. ஆனால் சொல்லை மட்டும் எழுதாதீர்கள். யார் சொன்னது, எந்த ஊர், அவருக்கு அப்போது என்ன வயது இருக்கும், எந்த வசனத்தில் சொன்னார் என்பதையும் எழுதுங்கள். "கந்தோர் – அலுவலகம்" என்று எழுதினால் அது அகராதி. "கந்தோரால வந்து கோப்பி குடிச்சிட்டுத்தான் பேசுவார்" என்று அம்மா சொன்னதாக எழுதினால் அதில் உங்கள் அம்மாவும் இருப்பார், அப்பாவும் இருப்பார், பின்னேரமும் இருக்கும்.

முஸ்லிம் வகுப்புத் தோழியரிடம் கேளுங்கள், அவர்கள் வீட்டில் நம் வீட்டில் இல்லாத சொற்கள் உண்டு. சிங்களத் தோழியரிடம் கேளுங்கள், நம் சொல்லே அவர்களிடம் வேறு உடுப்பில் இருக்கும். தபாற் கந்தோர் வரிசையில் முன்னால் நிற்பவர் கன்தோருவ என்பார், பின்னால் நிற்பவர் கந்தோர் என்பார். இத்தனை சண்டைக்குப் பிறகும் அந்த இரண்டு சொல்லும் ஒரே வரிசையில்தான் நிற்கின்றன.

முதலில் வயது கூடியவர்களிடம் போங்கள். இந்த வேலையைத் தள்ளிப்போட முடியாது. கட்டடங்களுக்கு அடிக்கல் நாட்டலாம், அடுத்த ஆண்டு கட்டலாம். எண்பத்தைந்து வயது ஆச்சியின் வாயில் இருக்கும் சொல் அடுத்த ஆண்டு வரை இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது.

இன்றைய மாணவியரே, உங்களுக்கு ஒரு வீட்டுவேலை. இன்றிரவு அம்மம்மாவிடமோ அப்பம்மாவிடமோ போய், "நீங்கள் முதன்முதல் கந்தோருக்குப் போனது எதற்கு?" என்று கேளுங்கள். சொல்லைப் பற்றித் தொடங்குகிற பேச்சு எங்கே போய் நிற்கும் என்று நான் இப்போது சொல்லமாட்டேன். கேட்டதை எழுதி, வருகிற கிழமை உங்கள் தமிழாசிரியையிடம் கொடுங்கள். சங்கம் அவற்றைச் சேர்த்து வைக்கும் என்று செயலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். மேடையில் வைத்துச் சொல்கிறேன், இனி அவர் பின்வாங்க முடியாது.